பூசுறதுக்கு முந்தி

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒரு சுவரை நக்கிக்கொண்டிருந்தார்.

கொச்சியில், தோப்பும்படியில் என் ஆபீஸ் நண்பர் ஒருவர் கட்டிக்கொண்டிருந்த வீடு அது. கூரை வார்த்து முடிந்திருந்தது. சுவர்கள் செங்கல் தெரிய நின்றன. நான் அப்போது வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். வீட்டைப் பார்க்க வா என்று நண்பர் கூப்பிட்டதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருந்தேன். உள்ளே, வேட்டியை மடித்துக் கட்டிய குட்டையான மனிதர் ஒருவர் சுவரோடு முகத்தை ஒட்டி நின்றார். நாக்கை நீட்டி, இரண்டு செங்கல்லுக்கு நடுவே இருந்த சிமெண்டுச் சாந்தை ஒருதடவை தொட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நண்பர், அவர் மனைவி, மேஸ்திரி, கூலியாட்கள் என்று அத்தனை பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

"உப்பு," என்றார் அவர்.

"அண்ணாச்சி, ஆலுவா மணலாக்கும். வள்ளத்தில வந்தது," என்றார் மேஸ்திரி.

"வள்ளம் ஆலுவாயில இருந்து வந்திருக்கும். மணலு நம்ம காயல்ல ஏறியிருக்கும். பெரியாத்துத் தண்ணி என்னைக்குவே உப்புக் கரிச்சுது?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். ஆற்று மணலுக்குப் பதில் கடல் நீர் ஏறும் காயலின் மணலைக் கலந்தால் இரண்டு மழைக்காலத்துக்குள் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். உள்ளே இருக்கும் கம்பியைத் துரு தின்னும். அந்தக் காலத்தில் கொச்சியில் வீடு கட்டிய எல்லோருக்கும் இது தெரியும். நாக்கால் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

பெயரைச் சொல்லவேண்டியதில்லை. மட்டாஞ்சேரியில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் யாருமில்லை. தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும், அவருக்குச் சம்பளம் கொடுத்த குஜராத்தி சேட்டுக்கும்கூட அவர் அண்ணாச்சிதான். பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் வேலை. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது என்ன என்று சொல்வதுதான் அந்த வேலை. குத்தூசி என்று ஒன்று வைத்திருந்தார். உள்ளே குழிவான, முனை கூரான இரும்பு. மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தால் அந்தக் குழிவில் கொஞ்சம் மிளகு வரும். அதைக் கையில் கொட்டி, உருட்டி, ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டு, "பப்பாளி விதை கலந்திருக்கு," என்பார். அனுப்பிய வியாபாரி இடுக்கியிலிருந்து வந்து சத்தியம் செய்தாலும் அந்தத் தீர்ப்பு மாறாது.

"மூட்டையோட வாய்ல எல்லாரும் நல்ல மிளகைத்தான் வெப்பான்," என்பது அவர் அடிக்கடி சொல்வது. "வயித்தைக் கேட்டாத்தான் நெசம் வரும்."

இந்தக் கொள்கையை அவர் மூட்டையோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது. எழுபதுகளின் கடைசியில் வளைகுடாப் பணம் வர ஆரம்பித்து, கொச்சியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வீடு முளைத்தது. சிமெண்டுக்கு பெர்மிட் வாங்க வரிசையில் நின்றவர்களைவிட, பெர்மிட் வாங்கித் தருகிறேன் என்று திரிந்தவர்கள் அதிகம். அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சிக்கு வீடு என்பதும் ஒரு மூட்டை என்று தோன்றியிருக்கிறது. பூச்சு என்பது தைத்த சாக்கு. அதற்குப் பிறகு எல்லா வீடும் ஒரே மாதிரி பளபளப்பாகத்தான் இருக்கும். ஆகவே, பூசுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

யார் வீடு கட்டினாலும் அவருடைய ஒரே நிபந்தனை அதுதான். "பூசுறதுக்கு முந்தி கூப்பிடு. பூசின பொறவு கூப்பிட்டா நான் வெறும் விருந்தாளி. சோறு தின்னுட்டுப் போயிருவேன்."

காசு வாங்கமாட்டார். வந்ததும் சீனி போடாத சாயா ஒன்று. இனிப்பு நாக்கைக் கெடுத்துவிடுமாம். பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டுப் பார்ப்பார், குத்தூசியால் சாந்தைச் சுரண்டுவார், கடைசியில் நக்குவார். ஒரு குற்றம் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்துவிடும். அப்புறம் சீனி போட்ட சாயாவும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும். தீர்ப்பு மிளகுக்குச் சொல்வது போலத்தான்: முதல் தரம், ரெண்டாம் தரம், கழிவு.

அண்ணாச்சி பார்த்த வீடு என்பது சீக்கிரமே ஒரு அந்தஸ்து ஆகிவிட்டது. துபாயிலிருந்து கடிதம் எழுதிக் கேட்டார்கள், அண்ணாச்சி வந்தாரா என்று. ஆனால் ஒன்றை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். தோப்பும்படி நண்பரின் சுவரில் உப்பு இருக்கிறது என்று அவர் சொன்னாரல்லவா? நண்பர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை அண்ணாச்சி, பூசுறதுக்கு முந்தியே தெரிஞ்சுது," என்று கண் கலங்கச் சொன்னார். மறுநாள் பூசினார். அண்ணாச்சி சொன்ன பெரிய குற்றம் எதையும் யாரும் இடித்துத் திருத்தியதாக எனக்கு நினைவில்லை. தெரிந்துகொண்டதிலேயே அவர்களுக்கு வீடு பாதி சரியாகிவிட்டது போலிருந்தது.

அண்ணாச்சியின் மனைவி மட்டும் இதிலெல்லாம் மயங்கவில்லை. சமைக்கும்போது அவரை அடுக்களைப் பக்கமே விடமாட்டார். அவர்கள் குடியிருந்தது பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், எப்போது கட்டியது என்று யாருக்கும் தெரியாத ஒரு வாடகை வீட்டில். காரை மொத்தமும் உதிர்ந்து செங்கல் பல்லிளித்தது. ஒருநாள் நான் போயிருந்தபோது, "இந்தச் சுவரைக் கொஞ்சம் பூசக்கூடாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள் உள்ளேயிருந்து சொன்னார்:

"பூசினா பொய்யாயிருமாம். எங்க வீட்ல பொய்யே கெடையாது தம்பி. மழைத்தண்ணி மட்டுந்தான் உண்டு."

மனிதர்களையும் அண்ணாச்சி அப்படித்தான் பார்த்தார். அவருடைய மச்சினி மகளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கோயம்புத்தூர்; பாங்கில் வேலை; எர்ணாகுளத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். மாலையில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. அன்று காலை முதல் படகிலேயே அண்ணாச்சி எர்ணாகுளம் போய் லாட்ஜ் கதவைத் தட்டியிருக்கிறார். கிழிந்த பனியனும் வாயில் பேஸ்ட் நுரையுமாக மாப்பிள்ளை கதவைத் திறந்திருக்கிறார்.

"யாரு?"

"பொண்ணு வீட்டுக்காரன்தான். ஒண்ணுமில்ல, பூசுறதுக்கு முந்தி ஒருக்கா பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பி வந்து வீட்டில் அறிக்கை கொடுத்தார்: "முன் தலையில மயிரு சாயம். பல்லு பூரா சொந்தம். சாயா கொண்டுவந்தவரை 'எடா' போட்டுக் கூப்பிடல. குடுக்கலாம்." கல்யாணம் நடந்தது. மணவறையில் மாப்பிள்ளை எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அண்ணாச்சி பக்கம் வந்தபோது மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் வீடு கட்டினேன். இடக்கொச்சியில், காயலோரம் மண் போட்டு மேடாக்கிய நாலு சென்ட். பைலி என்ற கான்ட்ராக்டர்தான் கட்டினார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, எப்போதும் சிரித்த முகம், 'சாரே சாரே' என்று உருகும் பேச்சு. கூரை வார்த்துப் பலகை பிரித்ததும் என் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"சாரே, ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியெ கொண்டுவரணும். அண்ணாச்சி பாக்காம பூசினா எனிக்கு உறக்கம் வராது."

இப்படியும் ஒரு கான்ட்ராக்டரா என்று எனக்கு நெகிழ்ந்துபோயிற்று.

அண்ணாச்சி வந்தார். சீனி போடாத சாயா குடித்தார். ஹாலில் தட்டினார், படுக்கையறையில் காதை வைத்தார், நக்கினார். மணல் நல்ல மணல்தான் என்றார். பிறகு அடுக்களைக்குப் போனவர், பின் சன்னலருகே நின்றுவிட்டார். சன்னலின் அடியில் பதித்திருந்த கல் வெளிப்புறம் சரிவதற்குப் பதில் உட்புறமாகச் சரிந்திருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி அதில் ஊற்றினார். தண்ணீர் ஓடிவந்து என் மனைவியின் காலை நனைத்தது.

"பைலி! மழை பேஞ்சா இவங்க தோசை ஊத்தணுமா, தண்ணி எறைக்கணுமாவே?"

பைலி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ அண்ணாச்சி! தப்பாயிப்போச்சு. என் கண்ணு எங்க போச்சு? இப்போ சரியாக்கித் தரேன்." அதைவிடப் பணிவான ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அரைமணி நேரத்தில் கல்லைப் பெயர்த்து மாற்றி வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி சீனி போட்ட சாயாவும் இரண்டு பழம்பொரியும் சாப்பிட்டு, "மத்ததெல்லாம் முதல் தரம்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். செவ்வாய்க்கிழமை பூச்சு வேலை தொடங்குவதாக முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் வேலையாட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது, கல் சுமக்கும் பழனியம்மா என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தாள். சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். தமிழ் பேசும் வீடு என்பதால் எங்களோடு கொஞ்சம் ஒட்டுதல்.

"அண்ணாச்சி வந்ததால ஆச்சு. இல்லாட்டி மழைக்கு அடுக்களை முழுக்கத் தண்ணிதான்," என்றாள் என் மனைவி.

பழனியம்மா சிரித்துவிட்டாள். "அட நீங்க ஒண்ணு, அக்கா. அது அவருக்குன்னே வெச்சது. சிமெண்டுகூடப் போடல, மண்ணுலதான் நட்டு வெச்சோம். ஈசியா எடுக்கணுமில்ல? எல்லா வீட்டுலயும் ஒண்ணு வெப்போம். அண்ணாச்சிக் கல்லுன்னு பேரே இருக்குது."

என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். நான் இன்னொரு முறை கேட்டேன். பழனியம்மா பயந்துபோனாள். என்னவோ வாய் தவறிச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைங்க தூங்கப்போற வீடு பழனியம்மா," என்றாள். பழனியம்மா கையை உருவிக்கொண்டாள். ஹால் மூலையில் சாரப் பலகைகளைச் சாய்த்து அடுக்கி வைத்திருந்த இடத்தை ஒருதடவை பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நானும் மனைவியும் பலகைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினோம். ஹாலையும் படுக்கையறையையும் பிரிக்கும் குறுக்குச் சுவர் வெளிச்சுவரில் வந்து சேருகிற மூலை அது. இரண்டு சுவர் சேரும்போது, கை விரல்களைக் கோத்த மாதிரி, ஒரு வரிசைக் கல் விட்டு ஒரு வரிசைக் கல் அடுத்த சுவருக்குள் நுழைய வேண்டும். பல் விட்டுக் கட்டுவது என்பார்கள். எங்கள் மூலையில் பல்லும் இல்லை, விரலும் இல்லை. குறுக்குச் சுவர் வந்து சும்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது, போட்டோவுக்கு நிற்கிற தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. என் மனைவி இடுக்கில் கையை விட்டாள். நான்கு விரலும் உள்ளே போயின. கீழே இருப்பதோ காயலில் போட்ட மண்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு பஜார் ரோட்டுக்குப் போனேன். மண்டியில் மிளகுத்தூசி பறந்தது. நான் தும்மி முடிக்கும்வரை அண்ணாச்சி காத்திருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணாச்சிக் கல் என்ற பேரை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லப் பார்த்தேன். அதை விட்டுவிட்டால் மற்றது புரியவில்லை. கடைசியில் அதையும் சொன்னேன்.

"பேரு வெச்சிருக்கானுவளா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"எந்த எந்த வீட்ல?"

"எல்லா வீட்லயும்னு சொன்னா."

குத்தூசியைக் கையில் வைத்தபடி வெகுநேரம் ஒரு மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்க்கிறார் என்று பட்டது. தோப்பும்படி, பள்ளுருத்தி, போர்ட் கொச்சி. அந்த வீடுகளில் எல்லாம் எதைக் கண்டுபிடித்தாரோ, அதைக் கண்டுபிடிக்கும்படி வைத்திருந்தார்கள். உப்பு மணல்கூட ஒருவேளை அப்படித்தானோ என்னவோ. சேட்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என்னோடு புறப்பட்டார்.

மூலையை அவரே பார்த்தார். தட்டவில்லை, நக்கவில்லை. பைலி சாந்து குழைக்கும் இடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பலகைகள் நகர்ந்திருப்பதைக் கண்டதும் புரிந்துவிட்டது. ஆனாலும் சிரிப்பு மாறவில்லை.

"அண்ணாச்சி கோவப்படாதெ கேக்கணும்," என்றார். "ஒரு குத்தமும் இல்லாத வீட்டில இருந்து அண்ணாச்சி எப்பவாவது எறங்கிப் போயிட்டுண்டோ? அந்தி வரெ நிக்கும். ஒண்ணு கிட்டின உடனே சந்தோஷம். பின்னே கண்ணு தொறக்கில்லா. அண்ணாச்சிக்கு ஒண்ணு வேணும், நாங்க ஒண்ணு வெச்சு. அது ஒரு மரியாதையல்லே?"

இதற்கு அண்ணாச்சி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குத்தூசியை மடியில் செருகிக்கொண்டார். பைலி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பதில் சொன்னவள் என் மனைவி. "பைலிச் சேட்டா, மரியாதை எல்லாம் இருக்கட்டும். இந்தச் சுவரை இடிச்சுட்டு மறுபடி கட்டுங்க. அதுவரைக்கும் ஒரு சட்டி சாந்து சுவர்ல படக்கூடாது." சொல்லிவிட்டு அந்த மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாள் அப்படி வந்து உட்கார்ந்தாள். நான்காம் நாள் சுவரை இடித்தார்கள். பழனியம்மாவை பைலி வேறு இடத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார். யார் சொன்னது என்று அவர் எங்களிடம் கேட்கவே இல்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி, அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்யத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைதோறும், தான் முதல் தரம் என்று சொன்ன வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், "உங்க வீட்டை நான் ஒழுங்காப் பாக்கல. என்னை ஏமாத்திட்டானுவ. மூலையை ஒருக்கா ஒடச்சுப் பாக்கணும்," என்று சொல்லிவர ஆரம்பித்தார்.

நானும் சில வீடுகளுக்குக் கூடப் போனேன். வரவேற்பு விதவிதமாக இருந்தது. பள்ளுருத்தியில் ஒருவர், "பெயின்ட் அடிச்சாச்சு அண்ணாச்சி. இனி எதுக்கு வேண்டாத வேலை?" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். இன்னொருவர் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். "நான் அங்க குடியில்லையே, பின்னே என்ன?" என்று வியந்தார். மூன்றாவது வீட்டில் அன்றைக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் அண்ணாச்சியை முற்றத்துக்கு ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கும்பிட்டார். "உள்ள வந்து, முதல் தரம்னு ஒரு தடவை சத்தமாச் சொல்லிட்டுப் போங்க. ஒடைக்கிறதெல்லாம் கல்யாணம் கழிஞ்சு வெச்சுக்கலாம்." தோப்பும்படி நண்பர் எங்களைக் கண்டதும் உள்ளே போய், வீட்டில் இல்லை என்று அவரே சொல்லியனுப்பினார். உப்புப் பூத்த சுவரின் மேல் ஒரு பெரிய காலண்டர் தொங்கியது.

பூசுவதற்கு முன்னால் வந்து குற்றம் சொன்னபோது அண்ணாச்சியை யாரும் இவ்வளவு வெறுத்ததில்லை. ஒரு மாதத்துக்குள் பஜார் ரோட்டில் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேச்சு வந்தது.

கதவைத் திறந்து முழுவதும் கேட்டவர் ஒரே ஒருவர். போர்ட் கொச்சியில் கணக்கு டீச்சர், கணவர் இல்லை. முன்னறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். பதினைந்து இருபது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கணக்குப் போடும். அதுவும் பைலி கட்டிய வீடு.

"எந்தச் சுவர்?" என்று கேட்டார் டீச்சர்.

அண்ணாச்சி காட்டினார். பிள்ளைகள் சாயும் சுவர்தான் அது.

"இடிச்சுப் பாருங்க," என்றார் டீச்சர். "ஆனா கட்டினவரும் கூட இருக்கட்டும். நாளைக்கு என் மேல குத்தம் சொல்லக்கூடாது."

அடுத்த ஞாயிறு பைலி வந்தார். அன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "டீச்சரே, வேண்டா. சத்தியமாயிட்டும் அது நல்ல வேலை. அண்ணாச்சி, கர்த்தரானெ நல்ல வேலை. வெறுதெ ஒரு நல்ல சுவரைக் கெடுக்காதெ."

"எல்லா வியாபாரியும் இதைத்தான் சொல்லுவான்," என்று அண்ணாச்சி உளியை எடுத்தார். அவருக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை விரலில் அடித்துக்கொண்டார். மூலையில், தரையிலிருந்து நெஞ்சுயரம் வரைக்கும் காரையை உடைத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தூசி அடங்கியதும் நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

ஒரு வரிசை உள்ளே, ஒரு வரிசை வெளியே, மறுபடி ஒரு வரிசை உள்ளே. கீழிருந்து மேல் வரை ஒரு கல் தப்பவில்லை. பிரிக்க முடியாதபடி கோத்த கைகள் மாதிரி இருந்தது. அண்ணாச்சி நூலைத் தொங்கவிட்டார்; ஒரு மயிரிழை விலகவில்லை. முட்டியால் தட்டினார், கோயில் மணி மாதிரி கணீரென்றது. கடைசியில் நாக்கால் தொட்டார். உப்பு இல்லை. வீடு பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு சுவரை அவர் பார்த்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"நான் சொன்னேனல்லோ," என்றார் பைலி மெதுவாக. "என் மகள் இங்கதானே படிக்குது. அந்த மூலையில்தான் இருக்கும்."

அண்ணாச்சி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். டீச்சரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சாயா எடுக்கத் திரும்பினார். அண்ணாச்சி எழுந்து நின்றார். உடம்பெல்லாம் சுண்ணாம்பு. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்போ ஒனக்கு வேலை தெரியும்!" என்று கத்தினார். "ஒனக்கு வேலை தெரியும்லாவே! இத்தனை வருசமும் ஒனக்குத் தெரியாதுன்னுல்லா நெனச்சேன். பாவம், தெரியாம பண்ணுதான், சொல்லிக் குடுத்தா திருத்திக்கிடுவான்னுல்லா வீடு வீடா வந்தேன்!"

எதற்கும் ஒரு பதில் வைத்திருந்த பைலி, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடைத்த காரையைத் தானே அள்ளிக் கொட்டி, அன்று மாலைக்குள் மூலையை மறுபடி பூசிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி அதோடு விட்டுவிடவில்லை. கூப்பிட்டால் போனார். ஆனால் சுவரைத் தொடுவதில்லை, நக்குவதில்லை. வீட்டுக்குள்கூடப் போகமாட்டார். வாசலில் நின்று மேஸ்திரியைக் கூப்பிட்டு, "ஒம் புள்ளையை இந்த வீட்டுக்குள்ள படுக்கப் போடுவியாவே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். முகத்தைப் பார்ப்பார். போய்விடுவார். முதலில் மேஸ்திரிகள் திணறினார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எல்லோரும் கண்ணை நேராகப் பார்த்து, "போடுவேன் அண்ணாச்சி," என்று தடங்கலில்லாமல் சொல்லப் பழகிவிட்டார்கள். அவருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் கேட்டார்.

கும்பளங்கி ரோட்டில் ஒரு வீடு. மேஸ்திரி நடுத்தர வயது, பெயர் தெரியாது. கேள்வியைக் கேட்டதும் அவர் கையிலிருந்த சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இடிக்கிற சத்தம் கேட்டது.

அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். வீட்டில் இதுவரை ஒரு கீறல் விழவில்லை. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்று இடித்துக் கட்டிய சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அண்ணாச்சியால்தான் கிரகப்பிரவேசம் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று என்று வருகிற எல்லோரிடமும் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறார்.